கம்பத்துக்குக் கம்பம்

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் சாலையில் பதினோரு விளக்குக் கம்பங்கள் இருந்தன. எங்கள் வாசலிலிருந்து எண்ணினால் பதினொன்றாவது கம்பம் காவலாளி உட்காரும் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். சாலை முழுக்கத் தூங்குமூஞ்சி மரங்கள். சாயங்காலம் அவற்றின் இலைகள் மடிந்துகொள்ளும்போது, கிளைகளுக்கு நடுவே இருந்தாற்போலிருந்து வானம் அதிகமாகிவிடும். அந்தச் சாலை நிஜமாகவே அவ்வளவு நீளமா, இல்லை நான்தான் நினைத்து நினைத்து நீட்டிவிட்டேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. எப்படியும் சைக்கிளில் மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

நான் தொழிற்சாலையில் எஞ்சின் சோதனைப் பிரிவில் இருந்தேன். ராணுவத்துக்குப் போகும் கனத்த வண்டிகளின் எஞ்சின். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை உண்டு. அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அதில் எழுதிக்கொண்டே வருவோம். இத்தனை மணி ஓடிவிட்டால் தீர்ந்தது, இறக்கிப் பிரித்துவிட வேண்டும். வருஷக்கணக்காக அந்த அட்டைகளோடு புழங்கியவன், அதே கணக்கைப் பெண்டாட்டியின் நெஞ்சுக்கும் போட்டுவிட்டேன். இதில் என் முட்டாள்தனம் எதுவென்று யாரும் தேட வேண்டாம். அதுதான்.

அவள் என் அத்தை மகள். பூந்தமல்லிக்காரி. பாவாடை கட்டிய நாளிலிருந்தே என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். வாயும் ஜாஸ்தி, நடையும் ஜாஸ்தி. பூந்தமல்லியிலிருந்து மாங்காட்டு அம்மன் கோயிலுக்கு பஸ்ஸில் போவது அம்மனுக்கே பிடிக்காது என்று சொல்லி, வெயிலில் செருப்பில்லாமல் நடந்து போய்விட்டு வந்து, உடனே அடுப்பைப் பற்றவைப்பாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் ஆவடி ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். அம்பத்தூரில் ஒரு கல்யாணம். அவள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம். இறங்கியவர்களும் ஏறுபவர்களும் எங்களுக்கு இரண்டு பக்கமும் ஆறாக ஓடுகிறார்கள். வா, வா, வண்டி போய்விடும் என்று நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் கையையே வெட்டிப்போடலாம் போலிருக்கும்.

“மாமா, காத்து உள்ள போவ மாட்டேங்குது” என்றாள். அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

அப்புறம் ஆஸ்பத்திரி, நெஞ்சுப் படம், ரத்தச் சோதனை, மறுபடி படம். இதயம் வீங்கிப் பெரிசாகியிருக்கிறது, ஆனால் தள்ளுகிற பலம் குறைந்துவிட்டது, இது வந்தால் வந்ததுதான், மாத்திரையோடு காலம் தள்ள வேண்டும் என்றார்கள். உப்பைக் குறை, தண்ணீரை அளந்து குடி, ஓய்வெடு. அந்தக் காலத்தில் எல்லா டாக்டரும் அதைத்தான் சொன்னார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஓய்வு என்றது ஒரு மாசத்துக்கா, ஆயுசுக்கா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலியைப் போட்டேன். அடுப்பு மேடைக்கு ஏற்ற உயரத்தில் ஒரு ஸ்டூல் செய்தேன், நின்று சமைக்கக் கூடாது என்று. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் நானே பிடித்து வைத்துவிடுவேன். துணி துவைப்பது நான், வீடு பெருக்குவது நான். பக்கத்து வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டு ஒயர் இழுத்து, அவள் அவசரத்துக்கு அழுத்த ஒரு காலிங் பெல் வைத்தேன். தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் எனக்கு ஒரே கேள்விதான், இன்றைக்கு எத்தனை தடவை எழுந்தாய் என்று. ஐந்து என்றால் முகம் சுளிப்பேன். மூன்று என்றால் கொஞ்சுவேன். மணி நேரத்தைச் சேமிக்கிறேனாம்.

நான் மட்டும் அவளை உட்காரவைத்தேன் என்றால் பாதிதான் உண்மை. அவளும் பயந்திருந்தாள். பாலத்துக்குப் பிறகு படி என்ற சொல்லே அவளுக்கு ஆகாமல் போயிற்று. கீழே விழுந்த ஊசியைக் குனிந்து எடுத்தால்கூட, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, உள்ளே யாரோ கதவைத் தட்டுகிறார்களா என்று கேட்பதுபோல் அசையாமல் இருப்பாள். கொஞ்சம் வேகமாக அடித்தால் போச்சு, முகம் வெளுத்துவிடும். நெஞ்சு வேகமாக அடிப்பதும் நெஞ்சு நின்றுபோவதும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றாகிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இப்படி நாலு வருஷம். நாலு வருஷமும் ஒரே மத்தியானமாக எனக்கு நினைவிருக்கிறது. ஜன்னல் கம்பிகளின் நிழல் அவள் மடியில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். தூரத்தில் சோதனை ஓட்டத்தில் வண்டிகள் உறுமும், புழுதி எழும், அடங்கும். ரயில் சத்தத்தை வைத்தே அவள் எல்லாம் சொல்வாள். ஆளோடு போகும் வண்டிக்கு ஒரு சத்தம், ஆளை இறக்கிவிட்டு அண்ணனூர் ஷெட்டுக்குக் காலியாகப் போகும் வண்டிக்கு வேறு சத்தம். காலி வண்டி பாவம் மாமா, பாட்டுப் பாடிக்கொண்டே போகிறது என்பாள். நான் சிரிப்பேன். அவள் உட்கார்ந்தே இருந்ததில் எனக்கு அவ்வளவு நிம்மதி. விட்டுப்போன இடத்திலேயே கிடைக்கும் பொருள்மாதிரி அவள் எனக்குத் தினமும் கிடைத்தாள்.

ஆனால் அவள் தேய்ந்துகொண்டே வந்தாள். கால் வீக்கம் மாத்திரையில் வடிந்த பிறகு பார்த்தால், கெண்டைக்கால் இருந்த இடத்தில் தோல்தான் தொங்கியது. குளியலறைக்குப் போய்வந்தாலே மூச்சு வாங்கியது. பார்த்தாயா, இதுக்கே இப்படி என்று இன்னும் இறுக்கினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆவடிக்கு ஒரு பெண் டாக்டர் வந்தார். சின்ன வயசு. பழைய படங்களையெல்லாம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, தினமும் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று கேட்டார். நடப்பதா? நான் பெருமையோடு என் ஏற்பாடுகளைச் சொன்னேன். ஸ்டூல், பெல், எல்லாம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இதயம் பலவீனம்தான், அது உண்மை, ஆனால் இப்போது மூச்சு வாங்குவதில் பாதி உட்கார்ந்தே இருந்ததால் வந்தது என்றார். மாத்திரை ஒத்துக்கொண்டிருக்கிறது, வீக்கம் இல்லை, இனி நடக்க வேண்டும். முதல் வாரம் ஒரு விளக்குக் கம்பம். சரியாக இருந்தால் அடுத்த வாரம் இரண்டு. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நின்றுவிட்டு வந்து காட்ட வேண்டும். கொஞ்சம் மூச்சு வாங்கும், அதற்குப் பயப்படக் கூடாது.

“பேசிக்கிட்டே நடங்கம்மா. பேச முடியிற வரைக்கும் ஒண்ணும் இல்ல. பேச்சு தடுமாறினா நில்லுங்க” என்றார்.

என் பெண்டாட்டிக்கு இதைவிட நல்ல அளவுகோல் இருக்க முடியாது. எனக்குத்தான் அது ஒப்பவில்லை. நேற்றுப் படித்து முடித்த பெண்ணுக்கு என்ன தெரியும் என்று வழியெல்லாம் ஆட்டோவில் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

இருந்தாலும் மறுநாள் சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனேன். அவள் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நாலு வருஷத்துக்குப் பிறகு தெருவில் அவள் செருப்புச் சத்தம். பாதி தூரம் நன்றாகத்தான் வந்தாள், எதிர்வீட்டு முருங்கையைப் பற்றி என்னவோ சொன்னாள். எனக்கு அது காதில் ஏறவில்லை. அவள் கழுத்துக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அங்கே துடிப்பது தெரிகிறதா என்று. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பேச்சு நின்றது. மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதல் கம்பத்துக்குப் பத்தடி இருக்கும்போதே திரும்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் சொன்னாள். “மாமா, நான் நல்லாத்தான் வந்துகினு இருந்தேன். உம் மூஞ்சியப் பாத்தேன், அப்பாலதான் மூச்சு வாங்குச்சு.”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். உனக்காக உயிரை விடுகிறேன், என் மூஞ்சி உனக்கு ஆகவில்லையா என்று கத்தினேன். இனி நடையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றேன். அவள் சண்டை போடவில்லை. சரி என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பயத்துக்கு ஒரு சாக்கு கிடைத்தால் யார்தான் விடுவார்கள், அவளும் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மாசம் டாக்டர் கேட்டபோது, நாலு கம்பம் வரை போகிறாள் என்று நான் பொய் சொன்னேன். கண் இமைக்காமல் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். டாக்டர் எழுந்து வந்து, அவள் புடவையைக் கொஞ்சம் உயர்த்தி, கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தார்.

“கால் வேற மாதிரி சொல்லுதே சார்” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. எங்கள் ஷெட்டில் அனுப்பாமல் தேக்கிவைக்கும் எஞ்சின்கள் உண்டு. அவற்றை வாரம் தவறாமல் கொஞ்சம் சுற்றிவிட வேண்டும். சும்மா வைத்தால் உள்ளே ஒட்டிக்கொண்டு பாழாகிவிடும். அதைச் செய்கிறவனே நான்தான். ஒரு வாரம் தவறியதில்லை. ஓடிய மணியை எழுதும் அட்டை மட்டும் ஞாபகம் இருந்தது, இது எப்படி மறந்தது? மறக்கவில்லை. பயத்துக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டேன். புரிந்தது, ஆனாலும் உடனே திருந்திவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய். உள்ளே டாக்டர் என்ன சொன்னார் என்று அவளைக் கேட்டேன். பொம்பளைங்க சமாசாரம் என்றாள்.

அதற்கப்புறம் இரண்டு மூன்று மாசம் ஓடியிருக்கும். பனி விழத் தொடங்கிய நாட்கள், கார்த்திகையா மார்கழியா தெரியவில்லை. ஷெட்டில் கரண்டு போய்விட்டது, இனி இன்றைக்கு வராது, எஞ்சின் எதையும் ஓட்ட முடியாது என்று எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். பின்தெரு வழியாக வீட்டுக்கு வந்தால் பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நாற்காலி காலி. பக்கத்து வீட்டிலும் பூட்டு. அங்கே இருந்தது திருநெல்வேலிக்காரம்மா, என் பெல் அடிப்பது அவர் வீட்டில்தான். இரண்டு வீடும் பூட்டியிருக்கிறது என்றால் ஆஸ்பத்திரிதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.  சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கேட்டைப் பார்த்து மிதித்தேன்.

ஐந்தாவது கம்பத்தைத் தாண்டியதும் அவர்கள் முதுகு தெரிந்தது. திருநெல்வேலிக்காரம்மா ஒரு பக்கம். இன்னொரு பக்கம், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, என் பெண்டாட்டி.

நடந்துகொண்டிருந்தாள். தண்ணீருக்குள் நடப்பவள்போல அத்தனை மெதுவாக. மேலே மரங்கள் இலையை மூடிக்கொண்டிருந்தன. தூங்குமூஞ்சிப் பூவின் ரோஜா நிறத் துகள் காற்றே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்ததாக எனக்கு ஞாபகம். பனிக்காலத்தில் அது பூக்குமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நான் கண்டது அதுதான். அவள் பேசிக்கொண்டிருந்தாள். என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள், நான் துவைத்தால் துணியில் சோப்பு போவதே இல்லையாம். குரல் தடுமாறவே இல்லை.

நான் வாயைத் திறந்துவிட்டேன். அவளைக் கூப்பிட நாக்கு மேலண்ணத்தில் வந்து நின்றுவிட்டது. கூப்பிட்டால் திரும்புவாள். திரும்பினால் என் மூஞ்சியைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன். சைக்கிளிலிருந்து இறங்கி, தள்ளிக்கொண்டு, இருபதடி விட்டுப் பின்னால் நடந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

ஆறாவது கம்பத்தைக் கையால் தொட்டாள். கொஞ்சம் நின்றாள், நடந்தாள். ஏழாவது கம்பத்துக்குப் போகும்போது, எங்களுக்கு ஒரு மணி நேரம் முந்தி விடும் ஷிப்டின் சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் சைக்கிள் வெள்ளம் வந்துவிட்டது. நூற்றுக்கணக்கான மணிகள், டிபன் பாக்ஸ் சத்தம், பேச்சு, எல்லாம் அவளுக்கு இரண்டு பக்கமும் வழிந்து போயின. அவள் எதையும் பிடித்துக்கொள்ளாமல் நடுவில் போய்க்கொண்டிருந்தாள். ஏழாவது கம்பத்தில் ரொம்ப நேரம் நின்றாள். முதுகு ஏறி இறங்கியது. பேச்சு இல்லை.  போதும், உட்கார், உட்கார் என்று நெஞ்சுக்குள் கத்திக்கொண்டே நின்றேன். பக்கத்தில் இருந்த அம்மா அவள் தோளைத் தொடக்கூட இல்லை, தன் பாட்டுக்கு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மறுபடி என் பெண்டாட்டியின் குரல் கேட்டது. வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். நான் சைக்கிளோடு ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். என் உடம்புக்கு அந்த மரம் போதாது.

பின்தெரு வழியாகப் போய்க் கொஞ்சம் கழித்து வீட்டுக்கு வந்தேன், அப்போதுதான் வருகிறவன்மாதிரி. முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனை தடவை எழுந்தாய் என்று நான் கேட்கவில்லை.  சோறு போடும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“நீ பின்னால வந்தது தெரியும் மாமா. உன் சைக்கிள் கடகடங்கறது எனக்குத் தெரியாதா.”

 ஏன் சொல்லாமல் போனாய் என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

“நல்ல வேள கூப்புடல. கூப்ட்டிருந்தா அங்கியே உக்காந்திருப்பேன்” என்றாள்.

 ரசம் ஊற்றினாள்.  நாலு வருஷமாக நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், அவள் உட்கார்ந்துகொண்டே இருந்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தாள். நோய் போகவில்லை, போகாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். சில மாசம் வீக்கம் வரும், படுப்பாள், மாத்திரை மாற்றுவார்கள், மறுபடி ஒரு கம்பத்திலிருந்து ஆரம்பிப்பாள். பதினொன்று வரை போன நாட்களும் உண்டு. காவலாளியோடு நின்று அரசியல் பேசிவிட்டுத்தான் திரும்புவாள். சமையலை நின்றுகொண்டே செய்தாள். பெல் ஒயரை நானே பிடுங்கிப் போட்டேன். என்னைக் கூட வர விட்டாள், ஆனால் பின்னால்தான். பயம் எனக்கு விட்டதா என்றால், விடவில்லை. அதைப் பின்னால் வைத்துக்கொள்ளப் பழகினேன், அவ்வளவுதான்.

தொண்ணூறுகள் முடியப்போகும் சமயம் ஒரு அடைமழையில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நாலு நாள். அப்புறம் உடம்பைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாமியானாவுக்குக் கீழே மழை ஒழுகிக்கொண்டிருந்தது. சொந்தமெல்லாம் வந்திருந்தது. எல்லாரும் தங்களுக்குள் ஒன்றைத்தான் பேசிக்கொண்டார்கள். கடைசியில் என் அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அதை வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

“நெஞ்சு நோவுக்காரிய நடக்க வுட்டியேடா தம்பி. அதான் இப்டி ஆயிடுச்சி.”

எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கே ஆச்சரியம். “நடக்க வுட்டதுக்குத் திட்டாதக்கா. நாலு வருசம் உக்கார வெச்சேனே, அதுக்குத் திட்டு” என்றேன். நிஜமாகவே கேட்டேன். யாராவது ஒருவர் என்னைத் திட்ட வேண்டும்போல் இருந்தது. திட்ட வேண்டியவள் திட்டாமலே போய்விட்டாள்.

அக்காவுக்குப் புரியவில்லை. துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் தலையைத் தன் தோளில் சாய்த்தாள். “பைத்தியமே, கண்ணுக்குள்ள வெச்சில்ல பாத்துகினே அவள” என்றாள். சுற்றி இருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அதுவரைக்கும் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.